400019: மாட்டுங்காவின் பின்கோடுக்குள் என்ன இருக்கிறது?

மும்பைத் தமிழர்களுக்குச் சில ஆறு இலக்க எண்கள் மனப்பாடம். தாராவி என்றால் 400017. மாட்டுங்கா 400019. சயான் 400022. செம்பூர் 400071. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையின் உறையிலும், ரேஷன் கார்டிலும், பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்திலும் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப்போனவை. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்த பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்தவர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கம் 4 என்றால் மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் அடங்கிய மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்து 400 என்றால் மும்பையும் அதை ஒட்டிய தாணே, நவி மும்பைப் பகுதிகளும். கடைசி மூன்று இலக்கம் எந்த அஞ்சலகம் என்று சொல்லும்.

தபால்காரருக்கு இவ்வளவு போதும். ஆனால் 400019 ஒரு முழு எண்ணும்கூட. நாலு லட்சத்துப் பத்தொன்பது. மும்பை ஏழு தீவுகளாகக் கிடந்த காலத்திலும் அந்த எண்ணுக்கு இதே குணங்கள்தான் இருந்தன.

எண்களின் குணங்கள் என்று நாம் பேசுபவற்றில் இரண்டு வகை உண்டு. சில குணங்கள் எண்ணுக்கே சொந்தமானவை. எந்த மொழியில், எந்த முறையில் எழுதினாலும் மாறாது. வேறு சில, நாம் பத்துப் பத்தாக எண்ணி எழுதுவதால் மட்டும் வருபவை. இரண்டாவது வகைதான் சட்டென்று கண்ணில் படும், அதனால் பேச்சில் அதிகம் அடிபடுவதும் அதுதான். முதல் வகை உள்ளே இருக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடல் எவ்வளவு சிரமமானது என்பதை நம்பித்தான் இன்றைய டிஜிட்டல் உலகின் பல பூட்டுகள் தொங்குகின்றன. இதை மாட்டுங்கா எண்ணை வைத்தே முழுசாகக் காட்டிவிடலாம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காரணிகள். 400019 எந்தெந்த எண்களால் மீதியின்றி வகுபடும்? ஒற்றைப்படை எண், ஆகவே 2 இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14, ஆகவே 3 இல்லை. 5 இல்லை என்பது பார்த்தாலே தெரியும். 7-ஆல் வகுத்தால் மீதி 4. 11-க்கும் மீதி 4. 13-க்கு 9, 17-க்கும் 9.

தாராவியில் நான் கணக்குச் சொல்லித் தரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் 19 அல்லது 23 வரை போவார்கள். "சார், எதாலயும் போகல. இது பிரைம் நம்பர்தான்" என்று ஒரு பெண் பேனாவை மூடிவிட்டாள். அவசரம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எதுவரைக்கும் பாத்தா முடிவா சொல்லலாம்?"

ஒரு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடிந்தால், அவற்றில் சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. தாண்டினால் இரண்டும் தாண்டியதாகிவிடும், பெருக்குத்தொகை எண்ணைவிடப் பெரிதாகிவிடும். 632-இன் வர்க்கம் 399424, 633-இன் வர்க்கம் 400689. ஆக, 632 வரை உள்ள பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை மொத்தம் 115. அந்த 115-இலும் வகுபடாவிட்டால் 400019 பகா எண் என்று முடிவாகச் சொல்லிவிடலாம்.

வரிசையாகப் போனால் 67 பகா எண்கள் தோற்றுப்போகின்றன. சில இடங்களில் கிட்டத்தட்ட வந்துவிட்டுப் போகும். 47-ஆல் வகுத்தால் மீதி வெறும் 2. 59-க்கு மீதி 58, இன்னும் ஒன்று இருந்தால் போயிருக்கும். 113-க்கும் அதே கதை, மீதி 112. அப்புறம் 68-ஆவது பகா எண்ணான 337 வருகிறது. 400019-ஐ 337-ஆல் வகுத்தால் சரியாக 1187. சரிபார்க்க நேரம் ஆகாது: 337-ஐ 1200-ஆல் பெருக்கினால் 404400, அதிலிருந்து 337-இன் 13 மடங்கான 4381-ஐக் கழித்தால் 400019. 1187-ஐ மேலும் உடைக்க முடியாது, அதுவும் பகா எண்.

400019 = 337 × 1187. இரண்டே இரண்டு பகா எண்களின் பெருக்கல். ஒவ்வொரு முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது எண்கணிதத்தின் அடித்தளமான தேற்றம். ஆகவே இந்த எண்ணுக்கு 337-உம் 1187-உம்தான், வேறு ஜோடி கிடையாது.

கண்டுபிடிக்க 68 வகுத்தல், சரிபார்க்க ஒரு பெருக்கல். இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் மறுபடி வரும்.

இப்போது அக்கம்பக்கம். மத்திய ரயில் பாதையில் மாட்டுங்காவுக்கு அடுத்த நிறுத்தம் சயான், சயானை ஒட்டி தாராவி. எண்களும் பக்கத்துப் பக்கத்து எண்கள். ஆனால் காரணிகளில் உறவே இல்லை. தாராவியின் 400017 = 3 × 47 × 2837. சயானின் 400022 = 2 × 7 × 28573. செம்பூரின் 400071 = 3 × 7 × 19051. தமிழர்கள் நிறைய வாழும் ஆன்டாப் ஹில்லின் 400037 = 11 × 41 × 887. எண்ணில் இரண்டைக் கூட்டினால் காரணிகள் மொத்தமாகக் கலைந்து புதிதாக அமைகின்றன. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஒவ்வாமைதான் எண் கோட்பாட்டின் கடினமான கேள்விகளில் பலவற்றுக்கும் மூலம் என்று எனக்குத் தோன்றும்.

முலுண்டு மேற்கின் 400080-ஐ மாட்டுங்காவோடு வைத்துப் பாருங்கள். 400080 = 16 × 3 × 5 × 1667. அதற்கு 40 வகுத்திகள். தன்னை விட்டுவிட்டு மற்ற 39-ஐயும் கூட்டினால் 840912 வருகிறது, தன்னைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மாட்டுங்காவுக்கோ 1, 337, 1187, 400019 என்று நான்கே வகுத்திகள். தன்னைத் தவிர்த்த கூட்டுத்தொகை வெறும் 1525. கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு எண்கள், உள்ளே இவ்வளவு வேறுபாடு.

பகா எண்ணான பின்கோடு மும்பையில் உண்டா? உண்டு. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பதின்மூன்றுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். மாட்டுங்காவுக்குக் கிழக்கே இருக்கும் வடாலாவின் 400031 பகா எண். காலாசௌக்கியின் 400033-உம் பகா எண். இரண்டு மட்டும் வித்தியாசமுள்ள இப்படிப்பட்ட ஜோடியை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் 400032 மந்த்ராலயாவின் எண், மாநிலத் தலைமைச் செயலகம் இருக்கும் இடம். அது 32 × 27 × 463 என்று சின்னச் சின்னக் காரணிகளாக உடைகிறது. இதில் ஆச்சரியமில்லை. 3, 5 என்ற முதல் ஜோடியை விட்டால், எந்த இரட்டைப் பகா எண்களுக்கும் நடுவில் இருப்பது 6-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். இரு பக்கமும் ஒற்றைப்படை, ஆகவே நடுவில் இரட்டைப்படை. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ஆல் வகுபட வேண்டும், ஓரங்களில் இருப்பவை பகா எண்கள் என்பதால் அந்தப் பொறுப்பும் நடு எண்ணின் தலையில்.

இந்த ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. 2013-இல் இதாங் சாங் என்ற கணிதவியலாளர், 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமையும் பகா எண் ஜோடிகள் எண்ணற்றவை என்று நிரூபித்தார். பிறகு பலர் சேர்ந்து அந்த இடைவெளியை 246 வரை சுருக்கினார்கள். 246-இலிருந்து 2-க்கு வருவதற்கு வழி இன்னும் அகப்படவில்லை.

மாட்டுங்காவுக்கே திரும்புவோம். இந்த எண்ணை வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா? 4-ஆல் வகுத்தால் மீதி 3. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 என்பதில் ஒன்றுதான், 3 வரவே வராது. ஆகவே 400019-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. கோடி முறை முயன்றாலும் முடியாது என்பதை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுகிறோம். கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இப்படிப்பட்ட தீர்ப்புதான்.

மூன்று வர்க்கங்கள்? முடியும். 8-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்கள் அனைத்தையும் மூன்று ஒற்றைப்படை வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஜெர்மானியக் கணித மேதை காவுஸ், 19 வயதில், 1796 ஜூலை 10 அன்று தன் நாட்குறிப்பில் ஆர்க்கிமிடீஸைப் போல "கண்டுபிடித்தேன்" என்று கிரேக்க எழுத்தில் போட்டுக் குறித்துக்கொண்ட உண்மைக்கு இது இன்னொரு வடிவம். 400019-ஐ 8-ஆல் வகுத்தாலும் மீதி 3. ஆகவே விடை இருந்தே தீர வேண்டும், தேடினால் கிடைக்கிறது: 631-இன் வர்க்கம் 398161, 43-இன் வர்க்கம் 1849, 3-இன் வர்க்கம் 9. மூன்றையும் கூட்டினால் 400019.

வர்க்கத்தை விட்டு நான்காம் அடுக்குகளுக்கு வந்தால் கதை தென்தமிழ்நாட்டுக்கும் மும்பைக்கும் வருகிறது. எந்த எண்ணையும் எழுத எத்தனை நான்காம் அடுக்குகள் போதும் என்பது 1770-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் வேரிங் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. பத்தொன்பது போதும் என்று அவர் சொன்னார், நிரூபிக்கவில்லை. 79 என்ற சின்ன எண்ணுக்கே பத்தொன்பதும் வேண்டும்: நான்கு 16-உம் பதினைந்து 1-உம். ஆறாம் அடுக்குக்கான இதே கேள்விக்கு 73 என்ற விடையை 1940-இல் நிறுவியவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகமான அதே திருநெல்வேலிச் சீமை. 1950-இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளின் காதில் விழுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான்காம் அடுக்குக்கு விடை வர 1986 ஆயிற்று. ஆர். பாலசுப்பிரமணியன், பிரான்ஸின் தெசூய்யே, த்ரெஸ் ஆகிய மூவரும் பத்தொன்பது போதும் என்று நிறுவினார்கள். பாலசுப்பிரமணியன் கொலாபாவில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. ராமச்சந்திராவிடம் ஆராய்ச்சி செய்தவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவர்கள் தேற்றத்தை மாட்டுங்காவில் சோதித்துப் பார்க்கலாம். முடிந்த அளவு பெரிய நான்காம் அடுக்கை எடுத்துக்கொண்டே போவோம். 25-இன் நான்காம் அடுக்கு 390625, மிச்சம் 9394. அதில் 9-இன் நான்காம் அடுக்கு 6561 போக 2833. அதில் 7-இன் 2401 போக 432. அதில் 4-இன் 256 போக 176. அதிலிருந்து 81 இரண்டு முறை எடுத்தால் மிச்சம் 14, பதினான்கு ஒன்றுகள். மொத்தம் எண்ணினால் 20 வந்துவிடுகிறது! தேற்றம் தவறா? இல்லை, பெரியதாகப் பார்த்து எடுத்ததுதான் தவறு. 176 வரும் இடத்தில் 81-ஐத் தொடாமல் பதினொரு 16-களை எடுத்தால் கச்சிதமாக முடிகிறது. 25, 9, 7, 4 ஆகியவற்றோடு பதினொரு 2-களின் நான்காம் அடுக்கு, மொத்தம் 15.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணுக்கே சொந்தமான குணங்கள். கம்ப்யூட்டர் 400019-ஐ இரண்டின் அடிப்படையில் 1100001101010010011 என்று வைத்திருக்கும். அங்கேயும் அது 337 × 1187-தான், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாததுதான். பழைய தமிழ் எண் முறையில் இதை ௪௱௲௰௯ என்று எழுதுவார்கள்: நான்கு, நூறு, ஆயிரம், பத்து, ஒன்பது. அங்கே சுழியமே இல்லை. அப்போதும் காரணிகள் மாறாது.

ஆனால் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது வேறு வகை. 4 + 1 + 9 = 14, 1 + 4 = 5. கார் நம்பர், ஃபிளாட் நம்பர், மொபைல் நம்பர் என்று இப்படிக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நம்மிடையே நிறைய. அந்த 5 எங்கிருந்து வருகிறது? 400019-ஐ 9-ஆல் வகுத்தால் வரும் மீதி 5. அவ்வளவேதான். 10, 100, 1000 எல்லாவற்றையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், இலக்கங்களைக் கூட்டுவது 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பதற்குச் சமம். நாம் எட்டின் அடிப்படையில் எண்ணிப் பழகியிருந்தால் இதே கூட்டல் 7-ஆல் வகுத்த மீதியைக் கொடுத்திருக்கும். அப்போது மாட்டுங்காவின் எண் 5 என்று யாரும் சொல்லமாட்டார்கள், 4 என்பார்கள். பத்து விரல்களால் வந்த ஒரு தற்செயலை வைத்து ஒருவர் வீடு வாங்குவதையோ கல்யாணத்தையோ தள்ளிப்போட வேண்டியதில்லை.

இதற்காக இலக்க விளையாட்டுகள் எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. அதில் ஆயுள் முழுக்க மூழ்கிய ஒரு மேதை இந்தப் பக்கத்துக்காரர். தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர், 1905-இல் மும்பைக்கு வடக்கே டஹாணுவில் பிறந்தவர், நாசிக் அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியர். 6174 என்ற எண்ணின் விசேஷத்தை அவர் 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். ஏழு முறைக்குள் 6174-க்கு வந்து நின்றுவிடும்.

ஆறு இலக்கத்தில் இவ்வளவு சுத்தமாக வராது. 400019-ஐப் போட்டுப் பாருங்கள். 941000-இலிருந்து 000149 போக 940851. அப்புறம் 970821, 974421, 849942, 753543, 420876. இங்கிருந்து 851742, 750843, 840852, 860832, 862632, 642654. அடுத்தது? மறுபடி 420876. ஏழு எண்கள் கொண்ட வட்டத்தில் சிக்கிக்கொள்கிறது, இனி வெளியே வராது. ஆறு இலக்க எண்களில் 549945, 631764 என்ற இரண்டில் போய் நின்றுவிடுபவையும் உண்டு. மாட்டுங்காவுக்கு அந்த வழி இல்லை.

டோம்பிவிலி ரயில் நிலையத்தில் இருந்தபோது காப்ரேகருக்கு ஒரு வகை எண்களைப் பற்றிய யோசனை வந்தது. அந்த நிலையத்தின் பழைய பெயரான டெம்லோ என்பதையே அவற்றுக்கு வைத்தார். 121, 12321, 1234321 என்று ஏறி இறங்கும் எண்கள். 12345678987654321 அவற்றில் அழகானது. அது 111111111-இன் வர்க்கம். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 81, அந்த 81-ஆல் மீதியின்றி வகுபடவும் செய்யும். வகுத்தால் 12345679-இன் வர்க்கம். இப்படித் தன் இலக்கக் கூட்டுத்தொகையாலேயே வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவரும் காப்ரேகர்தான். 6174 ஒரு ஹர்ஷத் எண்: கூட்டுத்தொகை 18, வகுத்தால் 343. முலுண்டின் 400080-உம் அப்படியே, கூட்டுத்தொகை 12, வகுத்தால் 33340. மாட்டுங்கா இல்லை. கூட்டுத்தொகை 14 ஓர் இரட்டைப்படை எண், 400019 ஒற்றைப்படை.

சரி, முன்பு விட்டுவைத்த ஏற்றத்தாழ்வுக்கு வருவோம். பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்பதைப் பூட்டாக மாற்றலாம் என்று 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் காட்டினார்கள். அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளால் ஆர்எஸ்ஏ என்று அழைக்கப்படும் முறை. அதற்கு வேண்டியது இரண்டு பகா எண்களின் பெருக்கலான ஓர் எண். மாட்டுங்கா அப்படிப்பட்ட எண்தானே? செய்து பார்த்துவிடலாம்.

நான் 400019, 5 என்ற இரண்டு எண்களையும் ஊருக்கே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்கு 19 என்ற எண்ணை ரகசியமாக அனுப்ப வேண்டும். 19-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்குங்கள், 2476099. அதை 400019-ஆல் வகுத்தால் மீதி 75985. அதைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை. என்னிடம் ரகசியமாக இன்னோர் எண் இருக்கிறது: 318797. 75985-ஐ அத்தனை முறை எழுதிப் பெருக்கி 400019-ஆல் வகுத்து மீதி பார்த்தால் 19 திரும்ப வந்துவிடும். அத்தனை பெருக்கலையும் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதில்லை. வர்க்கம், அதன் வர்க்கம் என்று தாவித் தாவிப் போனால் முப்பது பெருக்கலுக்குள் முடிந்துவிடும்.

318797 எப்படி வந்தது? காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்: 336 × 1186 = 398496. 5-ஆல் பெருக்கி 398496-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்படியான எண்ணைத் தேட வேண்டும். 5 × 318797 = 1593985, அது 398496-இன் நான்கு மடங்கோடு ஒன்று. ஆக, 337-உம் 1187-உம் தெரிந்தவனுக்கு ரகசிய எண் ஒரு நிமிட வேலை. தெரியாதவனுக்கு 400019 மட்டும்தான் கையில் இருக்கிறது. பூட்டை யாரும் பூட்டலாம், திறப்பது காரணி தெரிந்தவரால் மட்டும்.

ஆறு இலக்கப் பூட்டை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே உடைத்துவிடுவார்கள். இலக்கம் கூடக் கூடத்தான் பூட்டு இறுகுகிறது. 1977-இல் சவாலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண், இணையம் வழியாகச் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து உதவிய பிறகு 1994-இல் உடைந்தது. 250 இலக்கமுள்ள இன்னொரு சவால் எண் 2020-இல் உடைந்தது. கணினியின் ஒரே ஒரு கோர் மட்டும் ஓடியிருந்தால் அதற்கு ஏறக்குறைய 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. இன்று இணையதளச் சான்றிதழ்களிலும் ஆடிட்டர்கள் போடும் டிஜிட்டல் கையெழுத்துகளிலும் பரவலாக இருக்கும் ஆர்எஸ்ஏ எண்கள் 617 இலக்கம் கொண்டவை. நம் 400019-ஐப் போலவே இரண்டு பகா எண்களின் பெருக்கல், நீளம் மட்டும் வேறு.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்வது, அதன் காரணிகளைச் சொல்வதைவிட எவ்வளவோ சுலபம். 400019 பகா எண்ணாக இருந்தால், 2-ஐ 400018 முறை எழுதிப் பெருக்கி 400019-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640-இல் எழுதிவைத்தது. செய்து பார்த்தால் 1 வருவதில்லை. ஆகவே பகா எண் இல்லை, தீர்ந்தது. ஆனால் 337 என்ற பெயரை இந்தச் சோதனை எங்கேயும் உச்சரிக்கவில்லை. இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும் பகு எண்களும் உண்டு. எந்த எண்ணுக்கும் தவறாமல், வேகமாகவும், எந்த ஊகத்தையும் நம்பாமலும் தீர்ப்புச் சொல்லும் முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். கயாலும் சக்சேனாவும் அதற்குச் சற்று முன்புதான் பி.டெக் முடித்திருந்தார்கள். உலகமே வியந்த வேலை அது. அதுவும் காரணிகளைச் சொல்லாது.

பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில், 400051 என்ற பின்கோடில், யுபிஐயை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் இருக்கிறது. 400051 பகா எண். அதை உடைக்க ஒன்றுமில்லை என்று 632 வரை வகுத்துப் பார்த்தே நிரூபித்துவிடலாம். 617 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை வேகமாக உடைக்க முடியாது என்பதற்கு அப்படி ஒரு நிரூபணம் கிடையாது. 1994-இல் பீட்டர் ஷோர், போதுமான வலுவுள்ள குவாண்டம் கணினி ஒன்று வந்தால் இத்தகைய எண்களை வேகமாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார். அதை முன்னிட்டு அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில், காரணிகளை நம்பாத புதிய பூட்டு முறைகளை வெளியிட்டிருக்கிறது. குவாண்டத்தை விடுங்கள். நம் மேஜையில் இருக்கும் சாதாரணக் கணினியிலேயே பெரிய எண்களைச் சுலபமாகப் பிரிக்கும் வழி ஒன்று இருக்கக்கூடும். அப்படி ஒரு வழி கிடையாது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.